செட்டிநாட்டுச் சமையலை விடாமல், உடம்புக்கு நல்ல எண்ணெயை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இப்படி ஒருவர் கேட்கிறார் என்றால், வீட்டில் யாருக்கோ இரத்தப் பரிசோதனை முடிவு சரியாக வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. நான் மருத்துவரும் அல்லள், உணவியல் படித்தவளும் அல்லள். காரைக்குடிக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளாக அடுப்படியில் நிற்பவள். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயை நிறுத்திவிட்டு மரச்செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறினோம். மாறியதோடு நில்லாமல், பாக்கெட் எண்ணெய் வாங்கும் என் நாத்தனாருக்கு அறிவுரையும் சொன்னேன். ஓராண்டு கழித்து என் கணவருக்கு, இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 268 என்று வந்தது. பரிசோதனைக் கூடத்தில் யாருடைய சீட்டையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்கே போனேன். மறுபடி பார்த்தும் அதே கதைதான்.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவள் என் மகள். தீர்ந்துபோன 15 கிலோ டின்னின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ரசீதின் தேதியைப் பார்த்து, சரியாக அறுபது நாள் என்றாள். நாங்கள் நான்கு பேர்; வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 62 கிராமுக்கு மேல். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்ற அளவில்தான் சொல்லியிருக்கிறது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நல்ல எண்ணெய் என்ற தைரியத்தில், தூக்கிலிருந்து அளவில்லாமல் இருப்புச்சட்டியில் சாய்த்திருக்கிறேன்.

இதைவிடச் சொல்லக் கூசுவது ஒன்று உண்டு. பலகாரம் சுட்ட எண்ணெயை வடிகட்டித் தனிச் சட்டியில் வைத்து, தாளிப்பதற்கும் அடுத்த முறை பொரிப்பதற்கும் அதையே எடுப்பேன். அது கறுத்து, கரண்டியில் இருந்து பிசுபிசுவென்று இறங்கும். அப்பளத்தைப் போட்டால் ஓரமெல்லாம் சிறு நுரை கட்டி அடங்காமல் நிற்கும். கடைக்காரர்களுக்கு 2018 முதல், மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை என்பதால், அந்த நுரையையே நான் அளவாக வைத்துக்கொண்டேன். இப்போது சிறிய சட்டியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரிக்கிறேன். மிஞ்சியதை இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுகிறேன், மறுபடி பொரிப்பதில்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு, டம்ளர் நிறைய அரிசி அளந்து அதன்மேல் கோபுரமாக உளுந்து வைக்கும் பழைய அளவைத் தாண்டுவதும் இல்லை. உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும்.

இனி எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு வருகிறேன். அன்றாடச் சமையலுக்கு எங்களுக்குக் கடலை எண்ணெய்தான். அதன் கொழுப்பில் பாதியளவு, ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் அதே ஒலியிக் அமில வகையைச் சேர்ந்தது. புளிக்குழம்புக்கும் இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய்; அதிலுள்ள செசமால் போன்ற பொருள்கள் அதைச் சீக்கிரம் சிக்கடிக்க விடுவதில்லை. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும் நெய்யில் பாதிக்கு மேலும், கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைகொழுப்பு என்பதால், நெய்யைக் கும்மாயம் என்னும் இனிப்பைக் கிண்டும் நாளோடு நிறுத்திக்கொள்கிறோம். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். அதிலும் நிறைகொழுப்பு அதிகம், அளவோடு போதும். வனஸ்பதியை மட்டும் வீட்டுக்குள் விடுவதில்லை. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று உறையில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகக் கொள்வதற்கில்லை.

செக்குக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் இன்றுவரை செக்கில்தான் ஆட்டுகிறேன், ஆனால் பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பருப்பில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும், வடிகட்டினால் அது முழுவதும் போகாது என்பதால் பருப்பைப் பரப்பிப் பொறுக்கிய பிறகே கொடுக்கிறேன்; எண்ணெயின் அடியில் தங்கும் மண்டி சட்டியில் கருகும் என்பதால் தெளிந்ததை மட்டும் எடுக்கிறேன். மேலே சிவப்பாக எண்ணெய் மிதப்பதுதான் செட்டிநாட்டுக் குழம்பு என்று ஊர் ஊராக உணவகங்கள் பரப்பியதில் எனக்கு ஆற்றாமை உண்டு. எங்கள் அப்பத்தா வைத்த குழம்பில் மணம் அரைத்த மசாலையிலிருந்து வந்தது.

இப்போது மாதம் மூன்று லிட்டர், அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 23 கிராம் அளவு. ஆறு மாதத்தில் என் கணவருக்கு டிரைகிளிசரைடு 170க்கு இறங்கியது. அதே காலத்தில் விடியற்காலையில் ஊருணியைச் சுற்றி நடக்கவும் தொடங்கியிருந்ததால், பெருமை முழுவதையும் எண்ணெய்க்குக் கொடுக்க முடியாது. “கணக்குப் பார்த்து ஊத்துனாக் குழம்பு மணக்குமாத்தா?” என்று கேட்ட என் மாமியார், நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் கூடுதலாக விட்டுக்கொள்கிறார். தூக்கில் நான் போட்டு வைத்திருக்கும் கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எண்பத்திரண்டு வயதில் அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.