மைலோமாவில் எலும்பைக் காப்பது: திருகோணமலை கேள்விகளுக்குப் பதில்

புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்தேன். மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் டொக்டரின் வேலை. மற்றதைக் கேளுங்கள்.

உப்புவெளி: அப்பாவுக்கு மைலோமா. இரத்தத்தில் வந்த புற்றுநோய் என்கிறார்கள். முள்ளந்தண்டு ஏன் நொறுங்கியது?

தங்கச்சி, எலும்பு நாளாந்தம் கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. எலும்பின் உள்ளே இருக்கும் மச்சைக்குள் பெருகும் மைலோமா செல்கள் கரைக்கும் செல்களை முடுக்கிவிடும், கட்டும் செல்களை அடக்கிவிடும். அதனால் விழுந்த ஓட்டை மூடுவதில்லை. நோய் அடங்கிய பிறகும் ஸ்கானில் அது தெரியலாம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். ஆகவே சீ.ரீ. எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

எலும்புக்கு சொலெட்ரோனிக் அமிலம் 4 மில்லிகிராம், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 15 நிமிடம் எடுத்து ஏற்றுவார்கள். தொடங்க முன்னர் பல் டொக்டரிடம் காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல்லை அப்போதே பிடுங்கி, புண் ஆறவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு.

கிண்ணியா: உம்மாவுக்குக் கிட்னி பழுது. அதை ஏற்றலாமா?

பழுது கடுமையென்றால் ஏற்றமாட்டார்கள் தம்பி. அதற்குப் பதிலாகப் போடும் டெனோசுமாப் 120 மில்லிகிராம் ஊசி கிட்னி வழியாக வெளியேறுவதில்லை, ஆனால் இரத்தத்தில் கல்சியம் சட்டென்று இறங்கலாம். இடையில் நீங்களாக நிறுத்தினாலும் முள்ளந்தண்டு முறியலாம். இதற்கும் பல் முதலில்.

நிலாவெளி: நோவுக்கு டைக்குளோபினாக்?

வேண்டாம். மைலோமா ஏற்கெனவே கிட்னியைத் தாக்கும் நோய்.

சாம்பல்தீவு: புரூபன்?

அதுவும் அதே குடும்பம்தான். பார்மசியில் பெயரை மாற்றிக் கேட்டாலும் பதில் மாறாது. பனடோல் போதாவிட்டால் கிளினிக்கில் மோர்பின் கேளுங்கள், அதற்குப் பயப்படாதீர்கள்.

மூதூர்: முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவினால்? என் மாமாவுக்குச் சுகமானதே. எங்கள் வைத்தியத்தைக் குறைத்துப் பேசாதீர்கள்.

குறைத்துப் பேசவில்லை அண்ணா. மரத்தால் விழுந்து கை முறிந்த என் தம்பிக்குப் மூலிகைப் பத்துக் கட்டியவரும் அப்படி ஒரு வைத்தியர்தான். அது நல்ல எலும்பு. மாமாவுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும். இது உள்ளே அரித்துப்போன எலும்பு. அழுத்தி உருவினால் அங்கேயே முறியும்.

மறுபடியும் மூதூர்: அப்படியென்றால் கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிப்பதும் பிழையா?

வெந்நீர் பிழையில்லை. குனிந்து வாளியால் அள்ளித் தூக்குவதுதான் பிழை. வேறொருவர் அள்ளி மெதுவாக ஊற்றட்டும், கல்லில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். நடப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் கரையும்.

உப்புவெளி: அக்கா, அப்பாவுக்குக் காலையிலிருந்து இரண்டு காலும் விறைப்பு. சலமும் போகவில்லை. நாளைக்குக் கிளினிக் இருக்கு, பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு, நசுங்கியிருக்கலாம், ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். எழுப்பி இருத்தாமல், படுத்தபடியே வைத்து, இப்போதே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மைலோமா என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.