ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைக்கும் மூலிகை மாத்திரை அசல்தானா?

கேள்வி: ‘முழுக்க முழுக்க மூலிகை’ என்று போட்டிருந்த எடை குறைப்பு மாத்திரை வாங்கினேன். ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டது. பசியே எடுப்பதில்லை. ஆனால் வாய் உலர்ந்துபோகிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. டப்பாவில் ஹாலோகிராம் எல்லாம் இருக்கிறது. மாத்திரை அசல்தானா? தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம், இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மிச்ச மாத்திரைகளைத் தூக்கிப் போடாமல் டப்பாவோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்வார். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, மணிக்கட்டில் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

பசியின்மை, வாய் உலர்தல், தூக்கமின்மை, படபடப்பு நான்கும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிபுட்ரமின் கலப்படத்தை. ஒரு காலத்தில் எடை குறைக்க மருத்துவர்களே எழுதிக் கொடுத்த மருந்து அது. இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது ஆய்வில் தெரிந்ததால் 2010-ல் பல நாடுகளில் சந்தையை விட்டு விலக்கப்பட்டது. அதன் பிறகும் ‘மூலிகை’ மாத்திரைகளைப் பரிசோதிக்கும்போது திரும்பத் திரும்ப அகப்படுகிறது. எந்த மாத்திரையில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

அந்த மூன்று கிலோவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,100. ஏழு நாளில் வகுத்தால் தினம் 3,300. ஒரு பருக்கை தொடாமல் பட்டினி கிடந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு செலவாகாது. ஆகவே போனதில் பெரும்பகுதி நீர்தான். சாப்பாடு குறைந்ததும் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் தீரும், அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் வெளியேறும். பேதி மருந்தோ சிறுநீர் பெருக்கியோ கலந்திருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். நன்றாகச் சாப்பிட்ட இரண்டு மூன்று நாளில் அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை.

உண்மையான மருந்துகளின் வேகத்தை இதோடு ஒப்பிடுங்கள். ஆர்லிஸ்டாட் நாம் சாப்பிடும் கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கிறது. 120 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. ஓராண்டு ஒழுங்காக எடுத்தாலும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை விழுங்கியவர்களைவிடக் கூடுதலாகக் குறைவது சராசரியாக மூன்று கிலோதான்! எண்ணெய்ப் பலகாரத்தை ஒரு பிடி பிடித்தால் மலத்தில் எண்ணெய் கசியும். தடுத்த கொழுப்பு வேறெங்கே போகும்? ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதோடு போய்விடுவதால் வைட்டமின் மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளி, படுக்கப் போகும்போது எடுக்கச் சொல்கிறோம். இன்றைக்குப் பெரிதாகப் பேசப்படும் செமாக்ளுடைட் ஊசி, 2021-ல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. 100 கிலோ உள்ளவருக்கு இது வாரம் சுமார் 220 கிராம்.

மூலிகைச் சாறுகள் அந்தப் பக்கமே வருவதில்லை. குடம்புளிச் சாற்றை, அதன் முக்கியப் பொருளான ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் தினம் 1,500 மில்லிகிராம் சேரும் அளவில் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 1998-ல் வெளியான அந்த ஆய்வில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. கிரீன் டீ சாறு மாத்திரையில் அந்த இலையின் முக்கியப் பொருளான கேட்டச்சின் (இ.ஜி.சி.ஜி.) நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும், கல்லீரல் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது. மூலிகைக்கு அவ்வளவு வலு இல்லை என்பதால்தான் ஒரு ‘மூலிகை’ நாலே நாளில் பசியை அடைத்துவிட்டது என்றால் நாங்கள் சந்தோஷப்படுவதில்லை, கவலைப்படுகிறோம்.

இனி அசல், போலி விஷயம். ஹாலோகிராமை யாரும் அச்சடித்து ஒட்டலாம். டப்பாவில் உள்ள கியூஆர் கோடு போலியை விற்பவரின் பக்கத்துக்கே கூட்டிப்போகலாம், அதனால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, பெயரையும் உரிம எண்ணையும் தேடுங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் வெளி அட்டையிலும் உள்ளே மாத்திரை அட்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாகப் போடாமல் ‘சிறப்புக் கலவை 500 மில்லிகிராம்’ என்று மொத்தமாகப் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ‘எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவு பெற்ற ஆலை’ என்பது அந்த மாத்திரைக்குக் கிடைத்த அங்கீகாரம் இல்லை. நீரில் கரைப்பது, எரித்துப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் கலப்படத்தைக் காட்டாது, அதற்கு ஆய்வகக் கருவி வேண்டும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தாகவே இருந்தாலும் பலனை அளந்து பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே தராசில் தினம் எடை போட்டு, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடா வைத்து, மூச்சை விட்ட நிலையில் இடுப்பை அளந்துகொள்ளுங்கள். எடை இறங்கி இடுப்பு அப்படியே இருந்தால் போனது நீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். முழு அளவில் 12 வாரம் எடுத்தும் 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் (80 கிலோவுக்கு 4 கிலோ) பொதுவாக அந்த மருந்தை நிறுத்திவிடச் சொல்வோம். மருத்துவரிடம் போகும்போது இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும், தைராய்டு குறைபாடும் ஏற்றும்.