பூட்டிய வீட்டை வரைவது

வணக்கம்.

நான் காரைக்குடிக்காரி. ஓவியம் படித்துவிட்டு ஊரிலேயே இருந்து வரைகிறேன். சில வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்: முகப்பில் முளைத்த அரசங்கன்று, மழை இறங்கிக் கறுத்த சுதைப் பொம்மைகள், கூரை விழுந்த வளவு என்கிற உள்முற்றம். மனிதன் கட்டியதை இயற்கை திரும்ப எடுத்துக்கொள்கிறது, எதுவும் நிலைக்காது என்பதுதான் என் படங்களின் பொருள் என்று நினைத்திருந்தேன். என் அப்பத்தா படங்களைப் பார்த்துவிட்டு, "வாழ்ந்த வீட்டைப் போடுடி, விழுந்த வீட்டைக் கொண்டாந்து எதுக்கு மாட்டுறே" என்கிறார். அடுத்தவர் இழப்பை அழகாக்கி விற்கிறேனோ என்று உறுத்துகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

வரைவதை நிறுத்தாதீர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் "எதுவும் நிலைக்காது" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். செட்டிநாட்டு வீடு அதனால் விழவில்லை.

நிலையாமை, அந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தாருக்குத் தெரியாததா? காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போன பட்டினத்தாரைக் கொண்டாடுகிறவர்கள். அவர்கள்தான் பர்மாத் தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் கப்பலில் கொண்டுவந்து, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக வீடு கட்டினார்கள். 1930களில் பர்மாவில் அவர்கள் வியாபாரம் படுத்தது, 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்தார்கள், 1960களில் அங்கே மிச்சமிருந்ததும் நாட்டுடைமையாகிவிட்டது. பணம் போனது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பங்கு. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் என்று கட்டியவை, அந்த மகன்களின் மகன்கள், அவர்களின் பிள்ளைகள் என்று போகப் போக ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள் சேர்ந்துவிடுகிறார்கள், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் எங்கே என்றே தெரியாது. ஓடு மாற்றுவதற்குக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும், காசும் போட வேண்டும். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் பல, அதற்கும் திறக்காதவை சில.

இப்போது கிட்டப் போய்ப் பாருங்கள். குரங்கு நகர்த்திய ஒரு நாட்டு ஓட்டில் ஆரம்பிக்கும். அந்தச் சந்து வழியாக ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க உள்ளே இறங்கும். தேக்கு லேசில் கெடாது, ஆனால் உத்தரத்தின் முனை சுவருக்குள் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தால் அதுவும் உளுத்துப்போகும். இன்னொரு பக்கம், காக்கை எச்சத்தில் வந்த அரச விதை கைப்பிடிச்சுவர் வெடிப்பில் இரண்டு இலை விடும். அப்போதே பிடுங்கிவிட்டால் கதை முடிந்தது, அதற்குத்தான் வீட்டில் ஆள் வேண்டும். விட்டால் வேர் பூச்சுக்குப் பின்னால் இறங்கிவிடும், அப்புறம் மேலே வெட்டினாலும் திரும்பத் தழைக்கும். அந்த இடத்தில் சுவரைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகச் சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில் பூச்சு பாளம் பாளமாக விழும். விழுந்த துண்டின் விளிம்பைப் பார்த்தால் அடியில் கரகரப்பான சுண்ணாம்பு, அதன்மேல் நைசாக அரைத்தது, எல்லாவற்றுக்கும் மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய மெல்லிய தோல். இத்தனை வருடம் கழித்தும் விரல் வழுக்கும். பக்கத்திலேயே யாரோ சிமெண்டால் ஒட்டுப்போட்டிருப்பார்கள், ஈரம் வெளியே வர வழியில்லாமல் அந்த ஒட்டு சுற்றியிருக்கும் நல்ல பூச்சையும் பெயர்த்துக்கொண்டு நிற்கும்.

இதை வரையுங்கள். "இயற்கை எடுத்துக்கொள்கிறது" என்ற உடனே மரத்தின் மேல் பழி விழுந்துவிடுகிறது, வீட்டைப் பூட்டிய கை படத்தில் வருவதே இல்லை.

1796-ல் ஊபேர் ரொபேர் என்ற பிரெஞ்சு ஓவியர் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தை இடிந்து கிடப்பதாகக் கற்பனை செய்து வரைந்தார். கூடம் நன்றாகத்தான் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர்களில் அவரும் ஒருவர், அதே கூடத்தைக் கூரையில் வெளிச்சத் திறப்புகள் வைத்து எப்படிச் சீரமைக்கலாம் என்றும் வரைந்து இரண்டையும் ஒரே கண்காட்சியில் வைத்தார். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவருடைய இடிபாட்டில் யாருக்கும் பங்கு கிடையாது, அதனால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. உங்களுக்கு இருக்கிறது.

உங்கள் அப்பத்தா சொல்வதில் பாதி நியாயம். ரொபேர் செய்ததுபோல நீங்களும் இரண்டையும் போடுங்களேன். பூட்டிய வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இன்னும் குடியிருக்கும் வீடு இருக்கும், அங்கே யாராவது ஒருவர் ஏணி போட்டு ஏறி அரசங்கன்றைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். அதை நம் ஓவியர்கள் யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. இடிபாடு அழகாகத் தெரிகிற அளவுக்கு அந்த வேலையும் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

விற்பதைப் பற்றி. தாராளமாக விற்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தூணும் கதவும் நிலையும் குவிந்து கிடப்பதை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். எந்த ஊர், எந்த வீடு, வளவுத் தூணா முகப்புத் தூணா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது, அது பாட்டுக்கு ஏதோ ஒரு ஓட்டலுக்குப் போய்விடும். உங்கள் படம் அப்படிப் போகக் கூடாது. பின்பக்கத்தில் ஊர், தெரு, வரைந்த தேதி, வீட்டின் எந்தக் கட்டு, எங்கே ஒழுகுகிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டுக்காரர்களில் ஒருவரையாவது தேடிப் பிடித்து ஒரு பிரதி கொடுங்கள். குடும்ப விலாசத்தை, அதாவது வீட்டைக் குறிக்கும் தலைப்பெழுத்துகளை, மட்டும் அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.