பழைய மின்னஞ்சலை முதலில் மூடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் என் பெயரைக் கூகுளில் போட்டுத் தேடினேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி முகாமுக்குப் பதிவு செய்தபோது கொடுத்த வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் ஒரு பிடிஎஃப் பட்டியலில் அப்படியே கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. இந்த மாதத்துக்குள் இணையத்தில் என்னைப் பற்றி இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். முதலில் பழைய மின்னஞ்சலை மூடிவிட்டு, எண்ணை மாற்றிவிட்டு, பிறகு ஒவ்வொரு கணக்காக நீக்கப் போகிறேன். இனி பிரவுசரில் வரலாற்றைச் சேமிக்காத இன்காக்னிடோ ஜன்னலில் மட்டும்தான் எதையும் பார்ப்பது. இது போதுமா? பணம் வாங்கிக்கொண்டு நம் தகவல்களை நீக்கித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றனவாமே, அவர்களிடம் போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. அதன்படி செய்தால் இப்போது இருப்பதைவிடச் சிக்கல் கூடும். தயவுசெய்து பழைய மின்னஞ்சலில் இப்போது கை வைக்காதீர்கள். அது கடைசியில் மூட வேண்டியது.

நீங்கள் மறந்துபோன கணக்குகள் எல்லாம் அந்த முகவரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் இணைப்பு வருவது அங்கே. கணக்கை நீக்கச் சொன்னால் உறுதி கேட்டு மடல் வருவதும் அங்கே. அதை மூடிவிட்டால் கணக்குகள் உயிரோடு இருக்கும், உங்களால்தான் உள்ளே போக முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: சில நிறுவனங்கள் கைவிடப்பட்ட முகவரியை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத முகவரிகளை யாஹூ 2013இல் அப்படித்தான் புதியவர்களுக்குத் திறந்துவிட்டது. ஜிமெயிலில் இந்த அபாயம் இல்லை, நீக்கிய முகவரியை அவர்கள் மறுபடி யாருக்கும் தருவதில்லை.

கைபேசி எண் விஷயம் இன்னும் கவலைக்குரியது, ஏனென்றால் விட்ட எண் பொதுவாக இன்னொருவர் கைக்குப் போய்விடும். 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவின் இரண்டு பெரிய தொலைபேசி நிறுவனங்கள் புது வாடிக்கையாளர்களுக்குத் தர வைத்திருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்கள் பிரபலமான தளங்களில் ஏற்கெனவே இருக்கும் கணக்குகளோடு கட்டப்பட்டிருந்தன. எண் யாரிடம் போகிறதோ அவரிடம் ஓடிபியும் போகும். எனவே எல்லாக் கணக்கிலும் புது எண்ணைப் போட்டு முடித்த பிறகும் பழைய சிம்மை மூன்று மாதமாவது உயிரோடு வைத்திருங்கள். அதற்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் நீங்கள் தவறவிட்ட ஒரு கணக்கைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. பழைய மின்னஞ்சலின் தேடல் பெட்டியில் வெல்கம், வெரிஃபை, பாஸ்வேர்டு, அன்சப்ஸ்கிரைப் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களின் பட்டியலைப் பாருங்கள். கூகுள், ஃபேஸ்புக் கணக்குகளின் அமைப்புகளில் அவற்றைக் கொண்டு நீங்கள் நுழைந்த வேற்றுத் தளங்களின் பட்டியல் இருக்கும். ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தத் தரவுக் கசிவில் சிக்கியது என்று தெரியும். பதிவு செய்ததே நினைவில் இல்லாத தளங்கள் அதில் வரும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு கணக்காக உள்ளே போய், உடனே நீக்காமல், முதலில் இருப்பதை மாற்றுங்கள். முகவரி, பிறந்த தேதி, எண், படம், சேமித்த அட்டை விவரம் எல்லாவற்றையும் அழியுங்கள். அழிக்க விடாத பெட்டியில் அர்த்தமில்லாத எதையாவது நிரப்புங்கள். பல தளங்கள் ‘நீக்கு’ என்றதும் கணக்கை மறைத்துவிட்டு, விவரத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும். அப்படி வைத்துக்கொள்வது வெற்றுப் பெட்டிகளாகவே இருக்கட்டும். டீஆக்டிவேட் செய்வது, அதாவது தற்காலிகமாக முடக்குவது, நீக்குவது ஆகாது என்பதையும் கவனியுங்கள். ஃபேஸ்புக்கில் நிரந்தர நீக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும் 30 நாள் அவகாசம் உண்டு, அதன் பிறகு முழுவதும் அழிய 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த நாட்களில் எங்கும் லாகின் செய்யாதீர்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் செயலியை எடுத்துவிடுங்கள். நீங்கள் நண்பர்களுக்கு அனுப்பிய செய்திகள் அவர்களிடம் இருக்கத்தான் செய்யும்.

இனி அந்த பிடிஎஃப். கோப்பு ஒன்று, அதைக் காட்டும் தேடல் முடிவு வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகத்தான் நீக்க வேண்டும். கோப்பின் சரியான இணைப்பையும், உங்கள் விவரம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டு அந்தத் தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதுங்கள். முகவரி, எண் பத்திகள் இல்லாத புதுக் கோப்பைப் பழைய கோப்பின் இடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ‘மறைத்துவிடுங்கள்’ என்று மட்டும் எழுதினால், வரியின் மேல் ஒரு கருப்புப் பட்டையைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். பட்டையின் மேல் சுட்டியை இழுத்து, நகலெடுத்து, வேறொரு பக்கத்தில் ஒட்டினால் அடியில் இருக்கும் எண் அப்படியே வந்து விழும். அவர்கள் மாற்றிய பிறகு இதை நீங்களே செய்து பாருங்கள்.

கோப்பு போன பின்னும் கூகுளில் பழைய துணுக்கு சில காலம் தெரியும். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் படிவம் கூகுளிடம் இருக்கிறது, அதில் இணைப்பைக் கொடுங்கள். தளத்துக்காரர்கள் பதிலே போடவில்லை என்றால், கூகுள் கணக்கில் ‘ரிசல்ட்ஸ் அபவுட் யூ’ பகுதிக்குப் போய், எண்ணும் முகவரியும் தெரியும் தேடல் முடிவை எடுக்கும்படி விண்ணப்பிக்கலாம். தேடலில் மறைவதால் கோப்பு மறையாது, பிங் முதலான மற்றத் தேடுபொறிகளுக்குத் தனியாக எழுத வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் நகல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி விலக்கச் சொல்லலாம். பட்டியலை வெளியிட்டது ஐரோப்பிய ஒன்றியத்து நிறுவனம் என்றால், 2018 மே முதல் நடப்பில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், விவரங்களை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தரும் 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்காக்னிடோ உங்கள் கருவியில் வரலாற்றைச் சேமிக்காது, ஜன்னலை மூடியதும் குக்கீகளை, அதாவது உங்களை அடையாளம் காணத் தளங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்புகளை, அழிக்கும். அவ்வளவுதான். நீங்கள் போகும் தளத்துக்கும் இணைய சேவை தருபவருக்கும் நீங்கள் தெரிவீர்கள். இதை வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், அந்த நிலையில் உலவியவர்களைப் பற்றித் தான் சேர்த்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது. குக்கீ இல்லாமலே அடையாளம் காணவும் முடியும். திரை அளவு, எழுத்துரு, மொழி, நேர மண்டலம் இவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே போதும். 2010இல் இணைய உரிமைகளுக்காக இயங்கும் இஎஃப்எஃப் அமைப்பு நடத்திய சோதனையில் 83.6 சதவீத பிரவுசர்கள் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமல் தனித்துத் தெரிந்தன. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் விளம்பரங்களையும் கண்காணிப்பையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்) ஒன்றைப் போட்டுக்கொண்டு, கூகுள் லாகினை வேறொரு பிரவுசரில் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. பாதுகாப்பு என்று நினைத்துப் பத்து எக்ஸ்டென்ஷன்களைச் சேர்க்காதீர்கள். அந்தச் சேர்க்கையே உங்களைத் தனியாகக் காட்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் அழிப்பதைவிட முடிச்சுகளை அவிழ்ப்பதுதான் முக்கியம். சிதறிக் கிடக்கும் உங்கள் விவரங்களை ஒரே ஆளுடையவை என்று கோப்பது மின்னஞ்சல், எண், பயனர் பெயர் ஆகிய மூன்றும்தான். வங்கிக்கு வேறெங்கும் கொடுக்காத ஒரு முகவரி. கடைகளுக்கும் செயலிகளுக்கும் மாற்று முகவரிகள்: ஆப்பிளின் ஹைட் மை ஈமெயில், ஃபயர்ஃபாக்ஸ் ரிலே இரண்டும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று உண்டாக்கித் தரும். குப்பை வந்தால் அதை மட்டும் அணைத்துவிடலாம். ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஒரு சொல்லைச் சேர்ப்பது கடிதங்களைப் பிரிக்க உதவும், மறைக்க உதவாது. குறியை வெட்டினால் உண்மை முகவரி வந்துவிடும். பயனர் பெயரையும் முகப்புப் படத்தையும் இடத்துக்கு இடம் மாற்றுங்கள்.

உங்கள் கையில் இல்லாதது ஒன்று உண்டு, மற்றவர்களின் முகவரிப் புத்தகம். நண்பர் ஒரு செயலிக்குத் தொடர்புகளைப் பார்க்க அனுமதி தந்தால் உங்கள் பெயரும் எண்ணும் சேர்ந்தே போகும். ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் ஒரு செயலி வழியாகத் திரட்டப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். விவரம் போனது சுமார் 8.7 கோடிப் பேருடையது. அதனால்தான் வங்கிக்கு ஒரு எண், பழக்கத்துக்கு ஒரு எண் என்று பிரிப்பது அவசியம் என்கிறேன்.

புகைப்படங்களில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்கள் பதிந்திருக்கும். தலைமறைவாக இருந்த, மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பது 2012 டிசம்பரில் வெளியே தெரிந்தது அப்படித்தான். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமராவுக்கு இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டால் இனி எடுக்கும் படங்களில் பதியாது.

பணம் வாங்கும் நிறுவனங்கள் உங்களுக்கு வேண்டாம். ஆட்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் தளங்களுக்கு மொத்தமாக விண்ணப்பம் அனுப்புவதுதான் அவர்கள் முக்கியமாகச் செய்வது. ஒரு பயிற்சி நிறுவனத்தின் பிடிஎஃப்பை அவர்களாலும் கேட்டுத்தான் எடுக்க முடியும், அதை நீங்களே கேட்கலாம். வேலையைத் தொடங்க உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, இதுவரை குடியிருந்த முகவரிகள் அனைத்தையும் அவர்களிடம் கொடுக்கவும் வேண்டியிருக்கும்.