சின்னப் பிரைவேட் பென்சனைக் காசாக்கினா ஸ்டேட் பென்சன் வெட்டுப்படுமோ? கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். "பழைய வேலையிடத்துப் பென்சன் ஒண்டு கிடக்கு, எடுக்கலாமோ, எடுத்தா கவுண்மென்ட் தாற ஸ்டேட் பென்சனில கை வைப்பாங்களோ" எண்டுதான் யூகேயில இருக்கிற எங்கட ஆக்கள் கனபேர் கேட்டிருக்கிறியள். தொகையள் எல்லாம் 2026-27 வரி வருசத்துக்கு உரியது.

கேள்வி: அண்ணை, சுப்பர்மார்க்கெட்டில வேலை செய்யேக்க சேர்ந்த பென்சன் 8,000 பவுண்ஸ் இருக்கு. எனக்கு 65, வேலை விட்டாச்சு. முழுசா எடுத்தா அடுத்த வருசம் வாற ஸ்டேட் பென்சன் குறையுமோ?

பதில்: ஒரு சதமும் குறையாது. அது நீங்கள் கட்டின நாஷனல் இன்சூரன்ஸ் வருசங்களை வச்சு வாறது. பொதுவா 35 வருசம் இருந்தா முழுத்தொகை, கிழமைக்கு 241.30 பவுண்ஸ், 10 வருசத்துக்குக் குறைஞ்சா ஒண்டுமில்லை, பாங்கில என்ன இருக்கு, வேற பென்சன் என்ன வருது எண்டு கேக்கவே மாட்டினம்.

ஆனா எப்ப எடுக்கிறது எண்டதில காசு இருக்கு தம்பி. 8,000இல கால்வாசி, 2,000, வரியில்லாமல் வரும். மிச்சம் 6,000 அந்த வருச வருமானமாக் கணக்கு. இப்ப முழு ஸ்டேட் பென்சனை 52ஆல பெருக்கிப் பாருங்கோ, 12,547 வருது, வரியில்லாத எல்லை 12,570, இடையில கிடக்கிறது இருபது பவுண்ஸ் சொச்சம். அப்ப பென்சன் முழு வருசமா வரத் தொடங்கினாப் பிறகு எடுத்தா அந்த 6,000க்கும் 20 வீதம், கிட்டத்தட்ட 1,200 வரி போகும். உங்களைப் போல வேலை விட்டு, ஸ்டேட் பென்சனும் தொடங்காத வருசத்தில எடுத்தா, வேற வருமானம் இல்லையெண்டா வரியே இல்லை. கீழ சொல்லிற "ஸ்மோல் பொட்" வழியில எடுத்தா பென்சன் கொம்பனி முதலில அந்த 6,000இல 20 வீதம் பிடிச்சுத்தான் தரும், பயப்பிட வேண்டாம், பி53 எண்ட ஃபோமை நிரப்பினா வரி இலாகா எச்எம்ஆர்சி திருப்பித் தரும்.

கேள்வி: நான் 58, இன்னும் வேலை செய்யிறன். 9,000இல ஒரு பொட் (ஒரு இடத்தில சேர்ந்த பென்சன் காசு) எடுத்தா பிறகு வேலையிடத்துப் பென்சனுக்குக் காசு போடேலாதாம், உண்மையோ?

பதில்: முதல்முறை காசு எடுக்கேக்க "ஸ்மோல் பொட் லம்ப் சம்" எண்டு கேட்டு எடுங்கோ, அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. 10,000க்குள்ள இருக்கிற பொட்டுக்குத்தான் அது சரி, வேலையிடத்துத் திட்டமில்லாத பேர்சனல் பென்சன் எண்டா வாழ்க்கையில மூண்டு தரம். வேற வழியில வரி கட்டிற பங்கை எடுத்தியளெண்டா அதுக்குப் பிறகு வருசத்துக்கு 10,000க்கு மேல வரிச்சலுகையோட போடேலாது. கடையில வேலை செய்யிற எங்களில ஆர் வருசம் பத்தாயிரம் போடுறது எண்டது வேற கதை.

கேள்வி: அம்மாவுக்கு 70, தனிய இருக்கிறா, பென்சன் கிரெடிட் எடுக்கிறா. பழைய பென்சன் 14,000 இருக்கிறதை இப்பதான் கண்டுபிடிச்சம். எடுத்து ஊரில வீட்டைத் திருத்தக் குடுக்கப் பாக்கிறா.

பதில்: நில்லுங்கோ தங்கச்சி. இண்டைக்கு வந்த கேள்வியளில இதுதான் சிக்கலானது. ஸ்டேட் பென்சனை ஆரும் தொடமாட்டினம், ஆனா பென்சன் கிரெடிட் எண்டது வருமானம் குறைஞ்ச பென்சன்காரருக்குக் குடுக்கிற, வருமானம், சேமிப்பு ரெண்டையும் பாக்கிற உதவி. சேமிப்பு 10,000 வரைக்கும் கணக்கில்லை, அதுக்கு மேல ஒவ்வொரு 500க்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் எண்டு எடுப்பினம். அம்மாவிட்ட ஏற்கனவே 5,000 இருந்து, இந்த 14,000உம் வந்தா 19,000, அப்ப கிழமைக்கு 18 பவுண்ஸ் வெட்டு. வரியும் போனா கொஞ்சம் குறையும். பென்சன் கிரெடிட் முழுசா நிண்டு போகுதெண்டா அதோட வாற கவுன்சில் டக்ஸ் குறைப்பு, வாடகை உதவி, 75 வயசில வாற இலவச டிவி லைசன்ஸ் எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கோணும், அங்கதான் பெரிய இழப்பு.

அப்ப எடுக்காமலே விடுவமெண்டா, அந்த வயசில அதுவும் முழுசாத் தப்பாது, அதில இருந்து வரக்கூடிய வருமானத்தைக் கணக்கில எடுப்பினம். ஊருக்கு அனுப்பிறது இன்னும் மோசம். உதவி குறையாமல் இருக்கக் காசைக் குடுத்திட்டா எண்டு பென்சன் கிரெடிட் குடுக்கிறவங்கள் முடிவெடுத்தா, இல்லாத காசை இருக்கெண்டே கணக்குப் போடுவினம். பென்சனைக் கண்டுபிடிச்சதைச் சொல்லாமல் விடவும் கூடாது. முதலில சிட்டிசன்ஸ் அட்வைஸில கணக்குப் போட்டுப் பாத்திட்டுத்தான் கையெழுத்து.

கேள்வி: எனக்கு 62, ஸ்டேட் பென்சனுக்கு 29 வருசம்தான் காட்டுது. கையில 6,000 பென்சன் இருக்கு. எடுத்து என்ன செய்யலாம்?

பதில்: எனக்குப் பிடிச்ச கேள்வி. விட்டுப்போன வருசம் ஒண்டை வாங்க தொள்ளாயிரம் சொச்சம் பவுண்ஸ், முழு வருசமா இருந்தா அது கிழமைக்கு ஏழு பவுண்ஸ் அளவில கூட்டும், வருசத்துக்கு 350க்கு மேல. பென்சன் வரத் தொடங்கி மூண்டு வருசத்துக்குள்ள போட்ட காசு வந்திடும். கடந்த ஆறு வருசத்துக்குத்தான் பின்னோக்கிக் கட்டலாம். கட்ட முதல் கவுண்மென்டின்ர ஃபியூச்சர் பென்சன் சென்டருக்குக் கோல் எடுத்து, எந்த வருசத்தைக் கட்டினாக் கூடும் எண்டு கேளுங்கோ, சில வருசம் கட்டியும் ஒண்டும் ஏறாது.

அதோட, மகள் வேலைக்குப் போக நீங்கள் 12 வயசுக்குக் குறைஞ்ச பேரப்பிள்ளையைப் பாக்கிறியளோ? மகள் தன்ர சைல்ட் பெனிஃபிட்டோட வாற நாஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட்டை உங்களுக்கு மாத்தி விடலாம், அந்த வருசம் சும்மா கிடைக்கும். எங்கட அம்மம்மாமார் எத்தினை பேர் பிள்ளை பாக்கினம், இதைக் கேட்டு எடுத்த ஆக்களைக் காணுறது அருமை.

கேள்வி: எனக்கு எவ்வளவு ஸ்டேட் பென்சன் வரும் எண்டு காட்டிற ஃபோர்காஸ்டில "கொன்ராக்டட் அவுட்" (முந்தி நாஷனல் இன்சூரன்ஸைக் குறைச்சுக் கட்டி, பதிலா வேற பென்சனில சேர்ந்தது) எண்டு கிடக்கு. அந்தப் பென்சனைக் காசாக்கினா குறைஞ்சது திரும்பி வருமோ?

பதில்: வராது. அந்தக் கழிவு 2016இலயே போட்டு முடிஞ்ச கணக்கு. அதுக்குப் பிறகு வேலை செய்தோ, கிரெடிட்டிலயோ, காசு கட்டியோ சேர்த்த வருசங்கள்தான் கூட்டும்.

கேள்வி: ரெண்டையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய் இருக்கலாம் எண்டு யோசனை.

பதில்: போகலாம், ஸ்டேட் பென்சன் அங்கயும் வரும். ஆனா இலங்கையில இருந்தா வருசா வருசம் கூட்ட மாட்டினம், போகேக்க என்ன தொகையோ அதே தொகைதான் கடைசிவரை. இந்தியாவுக்கும் அதே சட்டம். பென்சன் கிரெடிட் எடுக்கிற ஆக்கள் சும்மா போய் நிக்கிறதெண்டாலும் நாலு கிழமைதான்.

கேள்வி: 50 வயசிலயே எடுத்துத் தாறம் எண்டு ஒரு ஆள் ஃபோன் பண்ணினார்.

பதில்: வையுங்கோ ஃபோனை. பென்சனைப் பற்றி அப்பிடித் தானா ஃபோன் பண்ணுறது 2019இல இருந்து தடை. வருத்தம் போல சில காரணம் இல்லாட்டி 55க்கு முதல் எடுத்தா 55 வீதம் வரைக்கும் வரி, அந்த ஆளின்ர கொமிசன் வேற.