ஓலையில் ஓட்டை, சட்டத்தில் பொடி: வாசகர் கேள்வி-பதில்

ஐப்பசி நெருங்கினால் பழைய சுவடி, புத்தகம், ஓவியம் போன்றவற்றைப் பூச்சி அரிப்பது பற்றி டெல்டா பக்கமிருந்து வரும் கேள்விகளில் பாதி "என்ன மருந்து போடலாம்?" என்றுதான் முடியும். மருந்தின் பெயரைக் கேட்கிறவர்கள் வந்திருக்கும் பூச்சி எது என்று சொல்வதில்லை. அதனால் சில பதில்கள் கேட்ட இடத்தில் தொடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: கொள்ளுத்தாத்தாவின் வைத்தியச் சுவடிகள் சில கட்டுகள் உள்ளன. வசம்பும் வேப்பிலையும் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் ஓலையில் ஓட்டைகள் கூடிக்கொண்டே போகின்றன. வசம்பு பழசாகிவிட்டதா?

வசம்பு பழசாகும், மாற்றவும் வேண்டும். ஆனால் உங்கள் பிரச்சினை அதுவல்ல. வசம்பின் வாசனை வெளியே இருந்து வரும் பூச்சியைத் தள்ளி நிறுத்தும். ஏற்கெனவே உள்ளே இருக்கிற புழுவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஓலையைத் தின்பது வண்டின் புழு. உள்ளேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியேறும்போதுதான் அந்த வட்ட ஓட்டை விழுகிறது. ஓட்டை கண்ணில் படும் நேரத்தில் ஒரு தலைமுறை தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம்.

வேப்பிலையை முதலில் எடுத்துவிடுங்கள். காய்ந்து நொறுங்கி ஓலை இடுக்கெல்லாம் தூளாகச் சேரும், மழைக்காலத்தில் அந்தத் தூள் ஈரம் பிடிக்கும். காய்ந்த இலை, வேர், மசாலா என்று எதையும் விடாத வண்டுகள் இருக்கின்றன. விரலி மஞ்சளைத் துளைக்கும் சிகரெட் வண்டு புத்தக பைண்டிங்கையும் துளைக்கும்.

அப்புறம் ஒவ்வொரு ஓலையாகப் பிரித்து, மெல்லிய தூரிகையால் வெள்ளைத்தாள் மேல் தட்டிப் பாருங்கள். உயிருள்ள புழுவோ புதுப் பொடியோ விழுந்தால் மருந்து தேட வேண்டாம், வீட்டு ஃப்ரீசரே போதும். நன்றாக உலர்ந்த சுவடிக் கட்டைத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, டேப் ஒட்டி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரியிலோ அதைவிடக் கடுங்குளிரிலோ இரண்டு வாரம் இருக்கட்டும். எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க வெளியே அப்படியே கிடக்கட்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் நீர்த்துளியாக ஓலை மேலேயே படியும். மீன் வாடைக்குள் சுவடியா என்று வீட்டில் ஆட்சேபம் வரலாம். அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

வறண்டு விறைத்த ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு லேசாகத் தடவலாம். ஒரு மூலையில் தடவிப் பார்த்து, எழுத்தின் கரி கலையவில்லை என்று தெரிந்த பிறகு மற்றதைச் செய்யுங்கள். பிறகு மரச் சட்டங்களுக்கிடையே வைத்து இறுக்கிக் கட்டுங்கள். கட்டு தளர்ந்தால் பூச்சி நுழைய இடம் கிடைக்கும். சுற்றும் துணி சாயம் போகாத பருத்தியாக இருக்கட்டும். வசம்பைச் சிறு துணி முடிச்சாகப் பெட்டிக்குள் வையுங்கள், வாசனை மூக்கில் ஏறாத அன்று மாற்றுங்கள். ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் கை வைக்க வேண்டாம். தஞ்சை சரஸ்வதி மகாலிலோ தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையிலோ கேளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: பள்ளி நூலக அலமாரியில் பாச்சை உருண்டை போடலாமா?

வேண்டாம். திறந்து மூடும் அலமாரியில் அது பூச்சியைக் கொல்லும் அளவுக்குச் சேராது, பிள்ளைகளின் மூச்சில் மட்டும் சேரும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையின் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். அலமாரியைக் காலி செய்து, தூசி துடைத்து, மூலைகளில் ஒட்டும் அட்டைப்பொறி வைத்து, என்ன சிக்குகிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ராமபாணப் பூச்சி சிக்கினால் அறையில் ஈரம் அதிகம், கரப்பான் சிக்கினால் எங்கோ சாப்பாடு சிந்தியிருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து: பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று. சட்டத்துக்குக் கீழே மாவு மாதிரி கொட்டுகிறது. மண்ணெண்ணெய் துடைத்தால் நிற்கும் என்கிறார்கள்.

மண்ணெண்ணெய் பலகைக்குள் ஊறி, துணியையும் சுண்ணப் பூச்சையும் தாண்டி முன்பக்கம் வந்து கறையாக நிற்கும். தொடவே தொடாதீர்கள்.

முதலில் உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படத்தை இறக்கி, மேசையில் கறுப்புத்தாள் விரித்து, அதன்மேல் நிமிர்த்தி வையுங்கள். பழைய பொடியை மென்தூரிகையால் தட்டிவிட்டு, ஓட்டைகளைப் பென்சிலால் அல்ல, போட்டோ எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் யாரும் அசைக்கக் கூடாது. கறுப்புத்தாளில் வெளிர் நிறத்தில் மெல்லிய மாவு விழுந்திருந்தால் உளுவண்டு இன்னும் வேலை செய்கிறது. மாவாக இல்லாமல், கசகசா போல உருண்டு, உற்றுப் பார்த்தால் ஆறு பட்டையாகத் தெரிந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். ஒன்றுமே விழவில்லையா? சரி, பழைய காயம்தான். வீட்டில் யாராவது தடதடவென்று கதவைச் சாத்தும்போது மிச்சப் பொடி உதிர்ந்திருக்கும்.

இதற்கு ஃப்ரீசர் கூடாது. பலகை, சுண்ணம், தங்கத்தாள், கண்ணாடிக் கல் ஒவ்வொன்றும் குளிரில் ஒவ்வொரு அளவு சுருங்கும், மேற்பூச்சு வெடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் பூச்சியை மூச்சுமுட்ட வைப்பதுதான் வழி. ஆக்சிஜன் ஊடுருவாத தனி வகை உறைக்குள் படத்தை வைத்து, ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டு ஒட்டி, உள்ளே அரை சதவீதத்துக்கும் கீழே இறக்கி, மூன்று நான்கு வாரம் வைப்பார்கள். சாதா பாலிதீன் காற்றை விடும், அதில் செய்தால் வீண். பழைய ஓவியங்களைப் பராமரித்துப் பழக்கப்பட்ட பாதுகாப்பாளரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் மழைச்சாரல் படும் சுவரில் மாட்டாதீர்கள், சட்டத்தின் பின்பக்கம் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு இடம் விடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: பழைய கணக்குப் புத்தகங்களில் தூசி போலச் சிறு பூச்சிகள் ஓடுகின்றன.

புத்தகப் பேன். அது தின்பது பெரும்பாலும் பூஞ்சையை. ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சையும் வளராது, பேனும் வற்றிச் சாகும். கடல் காற்றில் அது லேசல்ல. மழை விட்டதும் புத்தகங்களை நிழலில் மின்விசிறிக் காற்றில் விரித்து ஆற்றுங்கள். வெயிலில் போட வேண்டாம். ஈரத்தோடு இரும்பு பீரோவில் பூட்டுவது அதைவிட மோசம்.

பாபநாசத்திலிருந்து: மடத்து ஆவண அறையில் செல்லரிக்கிறது. மண்ணைத் தட்டிவிட்டால் மறுபடி வருகிறது.

வரத்தான் செய்யும், புற்று வேறெங்கோ இருக்கிறது. மண் வரி எந்த விரிசலில் தொடங்குகிறது என்று தேடிப் பிடித்த பிறகு தட்டுங்கள். மருந்தை உரிமம் பெற்றவர்கள் தரையிலும் அஸ்திவாரத்திலும் துளையிட்டுச் செலுத்த வேண்டும், ஆவணத்தின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும்.

திருவாரூரிலிருந்து: ஊரில் சிறிய இசைக்கருவிக் காட்சியறை வைத்திருக்கிறோம். தவில் தோலில் ரோமம் அடர்ந்த பழுப்புப் புழுக்கள்.

தோல்வண்டின் புழு. தவிலை விட்டு ஜன்னலைப் பாருங்கள். தீபாவளி சமயத்தில் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி விளக்குக்குக் கூட்டமாக வருமே, அது செத்து ஜன்னல் திண்டில் குவியும். தோல்வண்டுக்கு அதுதான் முதல் பந்தி. அங்கே பெருகி, பிறகு தோலுக்கு வருகிறது. ராத்திரி காட்சியறையில் விளக்கெரிய விடாதீர்கள். வாசல் விளக்கைக் கதவிலிருந்து தள்ளிப் போடுங்கள், திண்டைத் தினமும் பெருக்குங்கள். தவிலைத் தனியே எடுத்து, தோல் மடியும் இடங்களிலும் வார் இடுக்குகளிலும் புழுவையும் உரித்த சட்டையையும் தூரிகையால் எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இழுத்துக் கட்டிய தோலை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் இருந்தால் அதற்கு அவ்வளவு கவலை வேண்டாம். பழைய வீடுகளில் எடுத்த வைரம் பாய்ந்த ஆச்சா மரத்தில் கடைந்தது, பூச்சிக்குப் பல் இறங்காது. வாயில் வைத்து ஊதும் சீவாளிகளை மட்டும் மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள்.