விரல் சூப்புற பொண்ணுக்கு என்ன வாங்கலாம்?

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு நாலரை வயசு, தூங்கும்போதும் டிவி பாக்கும்போதும் கட்டை விரல் வாயிலதான். வேப்பெண்ணெய் தடவி பாத்தாச்சு, பிளாஸ்திரி ஒட்டி பாத்தாச்சு, ஒன்னும் வேலைக்காகல. ஆன்லைன்ல கட்டை விரல்ல மாட்டுற சிலிக்கான் உறை, தம்ப் கார்டுங்கறாங்க, 400 ரூபாய், கசப்பு நெயில் பாலிஷும் இருக்கு. இங்க ஒரு கிளினிக்ல வாய்க்குள்ள கம்பி மாட்டணும், 8,000 ஆகும்ங்கறாங்க. எதை வாங்க? ரெண்டு மாசத்துல பையன் இருக்கான், அவனும் விரல் பழகிடாம இருக்க 'ஆர்த்தோடான்டிக்' சூப்பான் வாங்கிடவா?

பதில்: முதல்ல அந்த வேப்பெண்ணெயை நிறுத்துங்கம்மா. அது சின்னப் பிள்ளைங்க வயித்துக்குள்ள போய் வாந்தி, வலிப்பு வரைக்கும் போன கேஸ் எல்லாம் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு, விரலை வாயில வைக்கிற குழந்தைக்கு அதைத் தடவவே கூடாது.

அடுத்து, எதையும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பாப்பாவை கடைவாய்ப் பல்லை சேர்த்துக் கடிக்கச் சொல்லி முன்னாடி பாருங்க. மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவுல விரல் நுழையுற மாதிரி ஓட்டை தெரியுதா, மேல் பல் எத்திக்கிட்டு இருக்கா? விரல் எவ்வளவு அழுத்துதுங்கறதை விட எவ்வளவு நேரம் வாயில இருக்குங்கறதுதான் பல்லை நகர்த்துது, அதனால டிவி முன்னாடி பத்து நிமிஷத்தை விட ராத்திரி பூரா வாயில கிடக்குறதுதான் பெரிய விஷயம். விரல் உள்ள இருக்கும்போது நாக்கு கீழ இறங்கிடும், கன்னம் ரெண்டு பக்கமும் அமுக்கும், மேல் தாடை குறுகும். ஆனா நிலைப் பல் முன்னாடி முளைக்க 6, 7 வயசாகும், அதுக்குள்ள பழக்கம் நின்னுட்டா முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானா மூடிக்கும். தாடை குறுகினது அவ்வளவு சுலபமா சரியாகாது. உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு, பயந்து போய் அவசரமா காசைச் செலவழிக்காதீங்க.

தம்ப் கார்டு, கசப்பு பாலிஷ் ரெண்டுமே ஞாபகப்படுத்துற சாமான்தான். 'நானே நிறுத்தணும்'னு குழந்தைக்குத் தோணியிருந்தா உதவும், இல்லன்னா இன்னொரு கட்டை விரல் இருக்கே. பாலிஷ் போட்ட கையால கண்ணைத் தேய்ச்சா எரியும். என் கருத்துல இப்போ 400 ரூபாய் வேஸ்ட். காலண்டர்ல விரல் வைக்காத ராத்திரிக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டுங்க, அவ சரின்னு சொன்னா தூங்கும்போது கைக்கு ஒரு பழைய காட்டன் சாக்ஸ், திட்டவே வேண்டாம். அப்படியும் வாங்குறதா இருந்தா பாக்கெட்ல எம்ஆர்பி, தயாரிச்சவங்க இல்ல இறக்குமதி பண்ணவங்க பேர் முகவரி, எந்த நாட்டுதுன்னு எல்லாம் இருக்கணும், சீல் பிரிச்சா ரிட்டர்ன் எடுப்பாங்களான்னும் ஆர்டர் போடும் முன்னாடியே பாத்துக்கோங்க.

கம்பி நல்ல சிகிச்சைதான், ஆனா நாலரை வயசுல பொதுவா முதல் வழி அது இல்ல. 6 வயசு நெருங்கியும் விடலன்னா யோசிக்கலாம், அப்பவும் குழந்தைக்குப் புரிய வச்சு அவ சம்மதிச்ச பிறகு. இப்போ அந்த 8,000க்குப் பதிலா இன்னொரு குழந்தைகள் பல் மருத்துவர்கிட்ட கன்சல்டேஷன் மட்டும் காசு கட்டி ரெண்டாவது கருத்து கேளுங்க. அங்கயும் கம்பி சொன்னா, அது பழக்கத்தை நிறுத்துறதா, தாடையை விரிக்கிறதா, எத்தனை மாசம் இருக்கும், கழண்டா திரும்ப ஒட்டுறது, கடைசில எடுக்குறது எல்லாம் இந்த ரேட்லயே சேர்த்தியான்னு கேட்டு பில்லோட வாங்குங்க.

பையன் விஷயத்துக்கு வரேன். ரெண்டு மாசக் குழந்தை விரல் சூப்புறது இயல்பு, அதைத் தடுக்கன்னு சூப்பான் வேண்டாம். 'ஆர்த்தோடான்டிக்'ங்கறது காம்போட வடிவத்தைச் சொல்ற வார்த்தை, பல்லைக் காப்பாத்தும்னு உறுதியான ஆதாரம் இல்ல, எந்த சூப்பானா இருந்தாலும் 3 வயசு தாண்டி வச்சா மேல் பல்லும் கீழ் பல்லும் சேர்ற விதம் மாற வாய்ப்பு அதிகம். விரலை விட அதுல ஒரு நல்லது, சூப்பானைத் தூக்கிப் போடலாம், விரலை முடியாது. தாய்ப்பால் நல்லா செட் ஆகியிருந்து, அழுகை அடக்க முடியாம கட்டாயம் வேணும்னா, ஒரே துண்டா வார்த்த சிலிக்கான், வாய்க்குள்ள போக முடியாதபடி அகலமான தட்டு, அதுல காத்துப் போக ஓட்டை, இதைப் பாத்து வாங்குங்க. கழுத்துல கயிறு கட்டாதீங்க, தேன்ல தோய்க்காதீங்க, ஒரு வயசுக்குள்ள தேனே ஆபத்து. காம்பை தினமும் இழுத்துப் பாருங்க, கிழிசல் தெரிஞ்சா அன்னைக்கே குப்பைல போட்டுடுங்க.